பத்து கிராம் குங்குமப்பூ

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. முப்பத்து மூன்று வருஷம் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பிய தொழிற்சாலைச் சங்கின்மேல் சத்தியம். ஆவடி ரயில் நிலையத்து மேம்பாலத்தின் ஒவ்வொரு படியின்மேலும் சத்தியம். அதுவும் போதாது என்பவர்களுக்கு, நான் பார்த்த வேலையின்மேல் சத்தியம்.

நான் வேலை பார்த்தது ஆவடி பீரங்கி வண்டித் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில், சரக்கு வந்து இறங்கும் பிரிவில். வெளியூரிலிருந்து வரும் பெட்டிகளைக் கம்பியால் சுற்றி, கம்பி முனையில் ஈயத்தை வைத்து நசுக்கி முத்திரை போட்டிருப்பார்கள். மூன்று சாட்சிகள் நிற்காமல் அந்த முத்திரையை உடைக்கக் கூடாது. உடைக்காத பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் பதில். பெட்டியின்மேல் போல்ட்டு என்று ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருந்தாலும் தெரியாது. ஆட்டிப் பார்த்தால் போல்ட்டுச் சத்தம் கேட்டாலும் தெரியாது. முத்திரை உடையாத பெட்டியின் உள்ளே இருப்பதைப் பற்றி ஸ்டோர்ஸ்காரன் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டியிருந்தது. பிரிப்பதற்கு மூன்று பேரை நிறுத்திக்கொண்டேன். அப்படிப்பட்டவன் சொல்வது இது.

என் பெயர் கஜபதி. சொந்த ஊர் பாரிவாக்கம். என் அப்பா பிறர் நிலத்தில் நாற்று நட்டவர். நான் தொழிற்சாலைக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு ஆவடியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. முதல் மாடி, இரண்டு அறை, பின்பக்கம் துணி காயப்போட ஒரு கம்பி. என் மனைவி பெயர் வசந்தகுமாரி. கல்யாணமாகிப் பதினான்காம் வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். 

1987 பொங்கலுக்கு அவள் தம்பி கன்னியப்பன் லீவில் வந்தான். சி.ஆர்.பி.எஃப்.பில் டிரைவர். அப்போது ஸ்ரீநகரில் இருந்தான். வாசலில் நின்றபடியே சட்டைக்குள் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. குறுக்கும் நெடுக்கும் கம்பி. கம்பி முனையில் ஈய முத்திரை.

“மாமா, குங்குமப்பூ. ஒரிஜினல். பத்து கிராம். கடைக்காரன் என் கண்ணு முன்னால முத்திர போட்டுக் குட்த்தான்.”

அந்தப் பூ கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும் என்றான். ஐப்பசி மாதத்தில் நிலம் முழுக்க மலர்ந்து கிடக்குமாம். விடிவதற்குள் பறித்துவிட வேண்டும். ஒரு பூவுக்குள் மூன்றே மூன்று சிவப்பு நார். அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டு பூவை எறிந்துவிடுவார்கள். ஒரு கிராமுக்கு நூற்றைம்பது பூ. அப்படியானால் இந்த டப்பாவுக்காக ஆயிரத்து ஐந்நூறு பூ போயிருக்கிறது.

அஞ்சாவது மாதத்திலிருந்து பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது எல்லோரும் சொல்வதுதான். எங்கள் இருவரின் நிறத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணப் படத்தில் இரண்டு மாலைகளும் கொஞ்சம் பற்களும்தான் விழுந்திருக்கின்றன. படம் பிடித்தவர், மாலைகளுக்குத்தான் கல்யாணம் என்று நினைத்திருக்கலாம். பத்து கிராம் பற்றாது, ஒரு லாரி வேண்டும் என்று நான் சொன்னேன். வசந்தகுமாரி சிரித்தாள். அன்றைக்கே பாலைக் காய்ச்சினாள்.

“தொறயேன்யா.”

நான் டப்பாவைக் கையில் எடுத்தேன். முத்திரையைப் பார்த்தேன். சாட்சி வேண்டும் என்றேன். கன்னியப்பன் இருக்கிறானே என்றாள். கொண்டு வந்தவன் சாட்சி ஆக முடியாது. நானே இருக்கிறேனே என்றாள். பெற்றுக்கொள்பவரும் ஆக முடியாது. வெளி ஆள் மூன்று பேர் வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் எத்திராஜ் அன்று இரண்டாம் ஷிப்டு. ஆகவே வளைகாப்பு அன்று எல்லோரும் வருவார்கள், அன்று திறக்கலாம் என்று சொல்லி டப்பாவை அலமாரியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இன்னாயா நீ. ஊட்டுக்குப் பூ வந்துகீது. பீரங்கி வந்தா மாதிரி சாட்சி கேக்கற.”

அவள் அடுப்பை அணைத்தாள். அந்தப் பாலில் டீ போட்டுக் குடித்தோம்.

வளைகாப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகும்போது மூன்று பேர் என்று சொல்லலாம். வரும்போது இரண்டு பேர். பெண் குழந்தை. என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை. துணி சுற்றியிருந்தது. அன்று மத்தியானம் நான் சாப்பிட்டது தக்காளிச் சோறு. அதில் உப்பு சரியாக இருந்தது.

டாக்டரம்மா, இது எதையும் சாப்பிட்டதாலும் இல்லை, எதையும் சாப்பிடாததாலும் இல்லை என்று சொன்னார். வசந்தகுமாரி கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

கோபம் என்று சொல்ல முடியாது. கோபமாக இருந்தால் பாத்திரம் சத்தம் போட்டிருக்கும். எழுந்தாள், தண்ணீர் பிடித்தாள், சமைத்தாள், சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிஷம் முன்பாக என் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தாள். ரேஷன் கடையில் எத்தனை கிலோ என்பதை விரலால் காட்டினாள். யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டினாள். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. எனக்கும் உள்ளே ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி முழு ஆளும் இருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை. திட்டாக இருந்தாலும் போதும்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் அலமாரியைத் துடைப்பாள். டப்பாவை எடுத்து, முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. டப்பா மூடியிருக்கிறது, அவளும் மூடியிருக்கிறாள். முதலில் டப்பாவைத் திறந்து பார்ப்போம்.

முறைப்படிதான் திறந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் சாட்சி எத்திராஜ். இரண்டாம் சாட்சி எதிர்வீட்டு நாகம்மா. மூன்றாம் சாட்சி கிடைக்காமல், ஈ.பி. மீட்டர் பார்க்க வந்தவரைப் பிடித்து நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மீட்டர் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்கக் கூடாது, வந்தார். கம்பியை வெட்டி மூடியைத் திறந்தேன். வாசனை ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. இரண்டு நிமிஷத்தில், அரக்கோணம் பக்கம் போய்க்கொண்டிருந்த சரக்கு வண்டி ஒன்று நடுவழியில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து யார் வீட்டில் விசேஷம் என்று குவார்ட்டர்ஸ் வாசலில் விசாரித்தார். விசேஷம் ஒன்றும் இல்லை என்று நாகம்மா சொல்லி அனுப்பினாள். 

வசந்தகுமாரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சரி, பாலில் போடத்தான் வழியில்லை, இந்தப் பூவால் வேறு என்னென்ன ஆகும் என்று விசாரித்து வந்து சொன்னால் அவள் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். ஷிப்டு முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினேன்.

முதலில் பூந்தமல்லியில் பிரியாணி சமைக்கும் பாய். அவர் இதை ஜாஃப்ரான் என்றார். அரபுச் சொல், கப்பலேறி எல்லா ஊருக்கும் போன சொல், வெள்ளைக்காரன் இங்கிலீஷில் சொல்வதும் அதே சொல்தான், வாய் கோணிப் போனதால் வேறு மாதிரி கேட்கிறது என்றார். வடக்கே இதற்குக் கேசரி என்று பெயராம். ஓட்டலில் நாம் தின்னும் கேசரிக்கு இந்தப் பூவால்தான் பெயர் வந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது, பூ எப்போதோ போய்விட்டது, இப்போது போடுவது கலர்ப்பொடி என்றார். நான் கொடுத்த ஒரு நாரை அண்டாவில் போட்டார். அன்று பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஒரு வண்டியும் புறப்படவில்லை. கண்டக்டர்கள் விசிலை வாயில் வைத்தபடி வரிசையில் நின்றார்கள், கையில் தட்டு.

சாயங்காலம் வந்து சொன்னேன். அவள் எனக்குச் சோறு போட்டாள். மோர் ஊற்றினாள்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. இதில் என்மேல் தப்பு உண்டு. குங்குமப்பூ சிவப்பு, ஆனால் அது கொடுக்கும் சாயம் மஞ்சள் என்று ஒருவர் சொன்னார். அதைச் சோதித்துப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனேன். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது விரலிடுக்கில் இருந்த ஒரு நார் விழுந்துவிட்டது. ஒரே ஒரு நார். நூற்று நாற்பத்து நான்கு வீட்டுக்கு அந்தத் தொட்டிதான் தண்ணீர். அன்று சனிக்கிழமை, எல்லா வீட்டிலும் வேலைச்சட்டை துவைக்கும் நாள்.

திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்குத் தொழிற்சாலை வாசலில் நூற்று நாற்பத்து நான்கு ஆண்கள் மஞ்சள் சட்டையில் நின்றோம். வாசல் காவலுக்கு ராஜஸ்தான்காரர் ஒருவர் இருந்தார், பட்டாளத்தில் இருந்து வந்தவர், ஆறடி, மீசை தனி. எங்களைப் பார்த்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். ஏன் என்று கேட்டேன். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் இந்த நிறத்தை உடுத்திக்கொண்டு ஒரு யுத்தத்துக்குத்தான் போவார்கள், திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்துபோன யுத்தத்துக்கு என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எங்களுக்கு ஏழரை மணி ஷிப்டு, நாலரைக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லி உள்ளே போனோம்.

மத்தியானம் வேறு பேச்சு கிளம்பியது. குவார்ட்டர்ஸ் ஆட்கள் எல்லோரும் சாமியாராகிவிட்டார்கள், காவி கட்டிவிட்டார்கள் என்று பெயிண்ட் பிரிவில் பேசிக்கொண்டார்கள். நான் போய் விளக்கினேன். காவி என்பது கல். மண்ணிலிருந்து எடுத்து அரைத்து, அந்தத் தண்ணீரில் வேட்டியை முக்குவார்கள். அது ஒன்றுமில்லாதவன் நிறம். இந்தப் பூவில் வேட்டியை முக்க வேண்டுமென்றால் சாமியாருக்கு ஒரு ராஜ்யம் சொந்தமாக இருக்க வேண்டும். தேசியக் கொடியின் மேல்பட்டையை நாம் கல்லின் பெயரால் சொல்கிறோம், இங்கிலீஷ்காரன் பூவின் பெயரால் சொல்கிறான், துணி ஒன்றுதான். பெயிண்ட் பிரிவினர் இதை ஏற்றுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

வசந்தகுமாரி அந்தச் சட்டையை மறுபடி துவைத்துப் பின்பக்கக் கம்பியில் போட்டாள். மஞ்சள் போகவில்லை. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். காலரில் கிளிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

நவம்பரில் மழை. நான் நனைந்துகொண்டு பூந்தமல்லிக்கு மறுபடி போனேன். தர்காவில் இருந்த பெரியவர் ஒருவர் குங்குமப்பூவைப் பன்னீரில் ஊற வைத்து மை செய்வார் என்று பாய் சொல்லியிருந்தார். வெள்ளைப் பீங்கான் தட்டில் நாணல் பேனாவால் ஓதி எழுதுவார், அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். வீட்டில் பேச்சு வரவில்லை என்று சொன்னேன். எத்தனை வயது என்று கேட்டார். முப்பத்து நாலு என்றேன். அவர் தட்டை எடுத்துத் துடைத்தார். எழுதினார். கழுவி ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். அன்று எனக்கு இரவு ஷிப்டு, விடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஸ்டோர்ஸ் மேசைமேல் வைத்திருந்தேன். எத்திராஜ் அதை யாரோ வாங்கி வைத்த சர்பத் என்று நினைத்துக் குடித்துவிட்டான்.

எத்திராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்தில் அவன் என்னிடம் பேசியது எல்லாவற்றையும் ஒரு போஸ்ட் கார்டில் எழுதலாம், விலாசத்துக்கும் இடம் இருக்கும். குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தான். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அண்ணாத்தே, ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு கீறேன். ஒன் சாப்பாட்டு டப்பால இருந்து மாங்கா ஊறுகா காணாப் போவுதே, அது பூன இல்ல. நாந்தான் துன்னுகினு கீறேன்.”

அன்று தொடங்கியவன் பதினொரு நாள் நிறுத்தவில்லை. பன்னிரண்டாம் நாள் யூனியனில் அவனைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எதிர்த்து நின்றவர், இவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, மனுத் தாக்கல் செய்யும் நேரத்தைத் தவறவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஊறுகாய் விஷயத்தைச் சொன்னேன். மறுநாளிலிருந்து சாப்பாட்டு டப்பாவில் ஊறுகாய் இரண்டு துண்டு அதிகம் இருந்தது. வார்த்தை இல்லை. ஆனால் இரண்டு துண்டு இருந்தது. 

கடைசியாக அம்பத்தூர். எஸ்டேட்டுக்குப் பின்பக்கம், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு சித்த வைத்தியர் இருந்தார். அவருக்குப் பூவைப் பற்றித் தெரியாதது இல்லை. அந்தக் காலத்தில் ராஜாக்களும் ராணிகளும் சந்தனத்தோடு குங்குமக் குழம்பைக் கலந்து மார்பில் பூசிக்கொண்டார்கள் என்றார். ரோமாபுரியில் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காக மணக்க மணக்கத் தெளித்தார்கள் என்றார். ஜெர்மனியில் ஒரு ஊரில் இதில் கலப்படம் செய்தவனை, செய்த சரக்கோடு சேர்த்துக் கொளுத்தினார்கள் என்றார். கண்ணுக்கு நல்லது, சளிக்கு நல்லது, மனத்தில் சுமை இருந்தால் இறக்கி வைக்கும். அளவுக்கு மேல் போனால் ஆபத்து, சிரித்துச் சிரித்தே செத்துப்போவார்கள் என்று பழைய ஏடுகளில் இருக்கிறது என்றார்.

பிள்ளை கலையாமல் தடுக்குமா என்று கேட்டேன்.

அவர் ஒரு பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தார். அப்படி எந்த ஏட்டிலும் இல்லை என்றார்.

நிறம் மாற்றுமா என்றேன். அதுவும் இல்லை, அது பெண்டுகள் சொல்வது என்றார். பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சைக்கிள் பூட்டைத் திறந்தேன்.

அன்று மூன்று நார் எடுத்தேன், ஒரு பூவின் கணக்கு. சாவு வேண்டாம், சிரிப்பு வந்தால் போதும். காப்பியில் போட்டேன். முறைப்படி நானும் அதே அளவு போட்டுக் குடித்தேன். எனக்குச் செவ்வாய்க்கிழமை தொடங்கிய சிரிப்பு வியாழக்கிழமைதான் நின்றது. ஒரு இரங்கல் கூட்டத்தில் வேறு கலந்துகொள்ள வேண்டியிருந்தது, அதைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை. வசந்தகுமாரி காப்பியைக் குடித்தாள். உதட்டைத் துடைத்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதோடு நான் விசாரிப்பதை விட்டுவிட்டேன். டப்பா அலமாரிக்குப் போயிற்று. சாயங்காலங்களில் நானும் பேசவில்லை. வீட்டில் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது. அதற்கு எண்ணெய் விட வேண்டும் என்று நினைப்பேன். விடவில்லை.

1988 மே மாதம், ஒரு சாயங்காலம், எதிர்வீட்டு நாகம்மா வந்தாள். இதன் அருமை புரிய வேண்டுமென்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை தங்காத வீட்டிலிருந்து பிள்ளைக்காக எதையும் வாங்க மாட்டார்கள். யாரும் சொல்லி வைத்த விதி இல்லை, எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வருஷத்தில் எங்கள் பிளாக்கில் மூன்று பெண்கள் முழுகாமல் இருந்தார்கள். எங்கள் அலமாரியில் குங்குமப்பூ இருப்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று பேரும் எங்கள் வாசலைக் கடக்கும்போது படியைப் பார்த்து இறங்கினார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் படிகள் கொஞ்சம் வழுக்கும்.

நாகம்மா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வசந்தகுமாரியைப் பார்த்துப் பேசினாள்.

“வசந்தா, எம் மருமவ அன்னம்மா முழுவாம கீறா. அஞ்சு மாசம். ஒங்கூட்ல பூ கீது. குடுப்பியா, மாட்டியா. மாட்டேன்னா தலயாட்டு, நான் போயி சோறாக்கணும்.”

வசந்தகுமாரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. முறத்தைக் கீழே வைத்தாள். இந்த வீட்டுப் பூவா என்று அவள் முகம் கேட்டது. வாய் கேட்கவில்லை. நாகம்மாவுக்குப் புரிந்தது.

“ஊட்ல இன்னாடி கீது. பூ காஷ்மீர்ல பூத்துது. ஒங்கூட்லயா பூத்துது.”

வசந்தகுமாரி எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அலமாரிக்குப் போனாள். டப்பாவை எடுத்தாள். திறந்து முகர்ந்தாள், மூடினாள். நாகம்மாவின் கையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

“பாலு கொதிக்கச் சொல்லப் போடாதக்கா. எறக்கி வெச்சி, வெதுவெதுன்னு ஆனப்பறம் போடு.”

ஒன்பது வார்த்தை. எண்ணினேன். குரல் கரகரவென்று இருந்தது, நெடுநாள் திறக்காத குழாயில் முதலில் வரும் தண்ணீர் மாதிரி. நாகம்மா, சரி என்று சொல்லிவிட்டுப் போனாள், நேற்றும் பேசிக்கொண்டிருந்தவர்கள் மாதிரி. நான் மின்விசிறிக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வசந்தகுமாரி மறுபடி முறத்தை எடுத்தாள்.

“இன்னாயா பாக்கற. போயி தண்ணி புடி. நின்னுறும்.”

போய்ப் பிடித்தேன். இரண்டு குடம் நிரம்பி வழிந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்னம்மாளுக்குப் பெண் பிறந்தது. எத்தனை சிவப்பு என்றால், தொட்டில் கட்டிய அறையில் அவர்கள் விளக்குப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். மீட்டர் பார்க்கிறவர், என் மூன்றாம் சாட்சி, அந்த வீட்டு மீட்டர் ஓடவில்லை, ஏதோ திருட்டு நடக்கிறது என்று மேலே எழுதிவிட்டார். அதிகாரிகள் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் புகாரைத் திரும்பப் பெற்றார்கள்.

அதற்குப் பிறகு டப்பா வீடு வீடாகப் போயிற்று. படியைப் பார்த்து இறங்கியவர்கள் அடுத்த முறை நிமிர்ந்து வந்து கேட்டார்கள். பதினோரு வருஷத்தில் பத்தொன்பது பிள்ளைகள். ஒவ்வொரு முறையும் டப்பாவை வசந்தகுமாரி கையால்தான் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் கொதிக்கும்போது போடாதே என்றாள். பத்தொன்பது வீட்டுக்குப் போய் வந்தும் டப்பாவில் பூ குறையவில்லை. நான் பலமுறை திறந்து பார்த்துவிட்டேன். இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை.

அன்று பேச ஆரம்பித்த வசந்தகுமாரியும் நிறுத்தவில்லை. பால்காரரோடு, தண்ணீர் லாரிக்காரரோடு, டிவியில் செய்தி வாசிப்பவரோடு எல்லாம் பேசினாள். பத்தொன்பது பிள்ளைகளின் பெயரையும் பிறந்த கிழமையையும் ஒப்பிப்பாள். ஒருநாள் நானும் அவளும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நம்முடையது வியாழக்கிழமை என்றாள். ஆமாம் என்றேன். மஞ்சள் சட்டையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

இந்த வருஷம், 1999-இல், நான் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பாரிவாக்கத்தில் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டோம். சுவர்க் கடிகாரம் வந்தது, ரேஷன் கார்டு வந்தது, டப்பாவும் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வசந்தகுமாரி அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்கிறாள்.

டப்பா இப்போது என் எதிரில், இதை எழுதும் மேசையின்மேல் இருக்கிறது. அதன் கம்பியும் ஈய முத்திரையும், 1987 பொங்கலுக்குக் கன்னியப்பன் கொண்டு வந்தபடியே, உடையாமல் இருக்கின்றன.